மனுப் பார்க்கப் போகும் யாத்திரை

சாத்தூர் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? ரயில் நின்றதும் ஜன்னலோரம் கூடையோடு ஓடி வருகிறவர்களின் வெள்ளரிப் பிஞ்சு ஞாபகம் வரலாம். காரசாரமான சேவும், மழைக்காலத்தில் வாயில் போட்டால் கரையும் கருப்பட்டி மிட்டாயும் நினைவில் ஊறலாம். மசிக்கூட்டில் தொட்டு எழுதிய தலைமுறையினராக இருந்தால், சாத்தூர் நிப்பு இல்லாமல் பரீட்சை எழுதியதில்லை என்று சொல்வீர்கள். ஆடி மாதம் பிறந்துவிட்டாலோ, வைப்பாற்றங்கரையில் குடிகொண்டிருக்கும் இருக்கன்குடி மாரியம்மனை நாடிக் கால்நடையாகவே வருகிறவர்களின் கூட்டம் நெடுஞ்சாலையை அடைத்துக் கொள்ளும்.

இந்த ஊரிலிருந்து புறப்படுகிற வேறொரு யாத்திரையும் உண்டு. அதற்குக் கொடி ஏற்றுவதில்லை, காப்புக் கட்டுவதில்லை, போய் வந்தவர்கள் பிரசாதம் கொண்டு வந்து தருவதும் இல்லை. விடிகாலைப் பஸ்ஸில் கையில் ஒரு துணிப் பையோடும், பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திய ஆதார் அட்டையோடும் ஓர் அம்மாள் ஏறி உட்காருவாள். "எங்கேக்கா, காலங்கார்த்தாலே?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "ஒரு சோலியா மதுரைக்குப் போறேன் தாயி" என்று சொல்லி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கொள்வாள். அந்தச் சோலிக்குப் பெயர் 'மனுப் பார்ப்பது'. சிறையில் இருக்கும் மகனையோ கணவனையோ, மனுப் போட்டுச் சந்தித்துவிட்டு வருவதற்குத் தமிழ்நாட்டு ஜெயில் பாஷையில் அப்படிப் பெயர்.

சாத்தூர் இந்த யாத்திரைக்கு ஒரு நடுப்புள்ளி. வடக்கே ஏறக்குறைய 70 கிலோ மீட்டர் போனால் மதுரை மத்தியச் சிறை. தெற்கே ஏறக்குறைய 80 கிலோ மீட்டர் போனால் பாளையங்கோட்டை மத்தியச் சிறை. இடையில் விருதுநகரில் மாவட்டச் சிறை, கோவில்பட்டியிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கிளைச் சிறைகள்.

"நமக்கு எதற்கு அந்த வழி?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வருகிற பெண் திடீரென்று நாலு நாள் வராமல், ஐந்தாம் நாள் கண் வீங்கி வந்து நின்றால், அவளுக்கு வழி சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஒரே தெரு, இரண்டு வாசல்

இந்தக் கரிசல் பூமியில் மழை குறைவு. பட்டாசும் தீப்பெட்டியும்தான் அடுப்பை எரிய வைக்கின்றன. அதே மருந்து சில நாட்களில் மனிதரையும் எரித்து விடுகிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்தில் நடந்ததில் இருபதுக்கு மேற்பட்டவர்கள்.

இப்படி விபத்து நடந்ததும் என்ன ஆகிறது? ஒரு வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறது. இன்னொரு வண்டி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறது. லைசென்ஸ் பெற்றவர், குத்தகைக்கு எடுத்தவர், போர்மன் என்று ஆட்களைத் தேடுகிறார்கள். போர்மன் என்பவர் பெரிய சீமான் அல்ல. பல சமயம் அதே தெருவில் குடியிருப்பவர். ஒரே தெருவில் ஒருத்தி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். இன்னொருத்தி ஜெயில் வாசலில் நிற்கிறாள். முதலாமவளின் துக்கத்துக்கு ஈடு இல்லை. ஆனால் இரண்டாமவளும் அன்று காலை வரை அவளோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள்தானே? குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட்டு சொல்லட்டும். அவள் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதற்குக் கோர்ட்டே வேண்டியதில்லை.

முதல் நாள்

கைது என்றதும் வீட்டுப் பெண்கள் செய்கிற முதல் காரியம் அழுவது. இரண்டாவது, நகையை அடகு வைக்கப் புறப்படுவது. இரண்டுக்கும் நடுவே சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

கைது செய்தவரை, பிரயாண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் ஆஜர்படுத்த வேண்டும் என்பது நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-ல் வகுத்த நெறி அது. ஆகவே ஸ்டேஷனில் போய், "எந்த வழக்கு? எந்தக் கோர்ட்டு? எந்தச் சிறை?" என்று கேட்பது துணிச்சலான காரியம் அல்ல, நமக்கு உள்ள பாத்தியதை.

நாலாவதாக ஒரு கேள்வியும் கேளுங்கள்: "டாக்டர் பார்த்தாரா?" சாத்தூரிலிருந்து அரை மணிப் பயணத்தில் இருக்கிற கோவில்பட்டிக் கிளைச் சிறையை நாடே மறக்க முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் ரிமாண்டு செய்யப்பட்டு அங்கேதான் அடைக்கப்பட்டார்கள். சில நாட்களுக்குள், அடுத்தடுத்து, இருவரும் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் உயிரிழந்தார்கள். பிறகு சி.பி.ஐ. விசாரித்துப் போலீஸார் மீது கொலை வழக்குத் தொடர்ந்தது. உடம்பில் காயம் இருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடமே வாய் திறந்து சொல்ல வேண்டும். வக்கீல் மூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். சர்க்கரை நோய், வலிப்பு, இருதய நோய் என்று ஏதாவது இருந்தால் மருந்துச் சீட்டுகளை முதல் நாளே கொண்டுபோய்ச் சிறையில் ஒப்படையுங்கள். சோற்றுப் பொட்டலத்தைவிட முக்கியம் அந்தச் சீட்டு.

வாசலில்

இப்போது மதுரைக்குப் போவோம், வாருங்கள். ஜங்ஷனிலிருந்து மேற்கே, அரசரடியில், ஊர் நடுவிலேயே இருக்கிறது மத்தியச் சிறை. வெள்ளைக்காரன் காலத்து மதில். அந்த மதிலுக்கு வெளியே பஸ் ஓடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போகிறார்கள். டீக்கடையில் பாட்டுப் பாடுகிறது. மதிலின் நிழலில் மட்டும் பேச்சுக் குறைந்த ஒரு வரிசை நிற்கிறது. பெரும்பாலும் பெண்கள்.

மனுவில் என்ன எழுத வேண்டும்? கைதியின் பெயர், தகப்பனார் பெயர், வழக்கு, பார்க்க வந்தவரின் பெயர், உறவு, விலாசம். அடையாள அட்டை இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். தண்டனை பெற்றவருக்கும் விசாரணைக் கைதிக்கும் பார்க்கும் நாட்கள் ஒன்றல்ல. விசாரணைக் கைதியை அடிக்கடி பார்க்கலாம். நாளும் நேரமும் சிறைக்குச் சிறை மாறும். ஆகவே டெலிபோனில் கேட்டுக் கொண்டு பஸ் ஏறுவது நல்லது. ஒரு நாள் கூலி, போக வரச் சார்ஜ், பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாடு இத்தனையும் செலவழித்து வந்து, "இன்றைக்கு மனு இல்லை அம்மா" என்ற பதிலோடு திரும்புவது கொடுமை அல்லவா?

முன்பெல்லாம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர் நின்று ஒரே நேரத்தில் கூவுவார்கள். சந்தைக் கடை தோற்றது! "பொன்னுக்குக் காய்ச்சல்" என்று மனைவி சொன்னது, "பொன்னை வித்தாச்சு" என்று புருஷன் காதில் விழும். இப்போது பல இடங்களில் கண்ணாடித் தடுப்பு வைத்து, இருபுறமும் டெலிபோன் வைத்திருக்கிறார்கள். பேச்சுக் காதில் விழுகிறது, தொடத்தான் முடிவதில்லை. கைக்குழந்தையோடு வந்த பெண், குழந்தையின் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைப்பாள். அந்தப் பக்கத்தில் ஒரு பெரிய கை வந்து ஒட்டிக் கொள்ளும். பக்கத்தில் நிற்கிற காவலர்கூட அப்போது வேறு பக்கம் பார்ப்பார்.

தூரத்தில் உள்ளவர்களுக்கு 'இ-முலாகாத்' என்று ஒரு வழி வந்திருக்கிறது. முலாகாத் என்றால் சந்திப்பு. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ முன்கூட்டியே பதிவு செய்தால், சிறை அனுமதிக்கும் நேரத்தில் முகம் பார்த்துப் பேசலாம். அறியாதவர்களுக்குப் படித்த பெண்கள் அந்தப் பதிவைச் செய்து கொடுத்தால் கோடி புண்ணியம்.

துணிப் பைக்குள்

வீட்டிலிருந்து ஆசையாகக் கட்டிக் கொண்டு போகிற புளியோதரை பெரும்பாலும் வாசலைத் தாண்டாது. அதற்குப் பதில், கைதியின் பெயரில் சிறைக் கணக்கில் பணம் கட்டலாம். அவர் உள்ளே கேண்டீனில் சோப்பு, பிஸ்கட் என்று வேண்டியதை வாங்கிக் கொள்வார். விசாரணைக் கைதி சொந்த உடையே உடுத்தலாம் என்பதால் மாற்றுத் துணி கொண்டு போகலாம். தண்டனைக் கைதிக்கு வெள்ளைச் சீருடை.

இங்கே ஓர் எச்சரிக்கை. வாசலருகே சிரித்த முகத்தோடு ஒருவர் வருவார். "உள்ளே நம்ம ஆள் இருக்காரு, நல்லாப் பார்த்துக்குவாரு, ஒரு ஐயாயிரம் மட்டும்..." என்பார். தாலிச் செயினைத் தவிர மற்றதெல்லாம் அடகுக்குப் போன பெண்ணிடம்தான் அப்படிக் கேட்பார். பணம் கட்டுவது கவுண்டரில், ரசீதுக்கு மட்டும்! ரசீது தராத கைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தண்டனை பெற்றவர்கள் உள்ளே வேலை செய்து கூலி பெறுகிறார்கள். கோயம்புத்தூரில் நெசவு, வேலூரில் பூட்ஸ் என்று ஒவ்வொரு சிறைக்கும் ஒரு கைத்தொழில். பாளையங்கோட்டையில் சிறையின் பெட்ரோல் பங்க்கிலேயே கைதிகள் வேலை செய்கிறார்கள். சம்பாதித்த கூலியிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். ஒரு பகுதி, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கான நிதிக்குப் போகிறது. முன்னே சொன்ன இரண்டு பெண்களில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவளுக்கும் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது என்பது கொஞ்சம் ஆறுதல்.

வாய்தா மேல் வாய்தா

சிறைக்குள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அப்படியல்ல. இந்தியாவில் சிறைவாசிகளில் மிகப் பெரும்பாலோர், நாலில் மூன்று பேர் என்றே சொல்லலாம், தீர்ப்புக்குக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலருக்கு வக்கீல் வைக்கக் காசில்லை; ஜாமீன் கிடைத்தாலும் ஜாமீன்தார் கிடைப்பதில்லை.

இவர்களுக்காக உள்ள சில வழிகளைக் குறித்துக் கொள்ளுங்கள். 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி, காவலில் உள்ளவர் எவருக்கும் இலவசமாக வக்கீல் உண்டு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே உண்டு. விருதுநகர் மாவட்டத்துக்கு ஜில்லாக் கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஆண்டாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அங்கேயுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு 15100 என்ற டெலிபோன் எண் இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்ற விசாரணைச் சட்டத்திலும் இரண்டு கணக்குகளை ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும். பொதுவாக, 60 நாட்களுக்குள், பெரிய குற்றமானால் 90 நாட்களுக்குள், போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. இன்னொன்று: முதல் தடவையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாகவே உள்ளே இருந்துவிட்டால், அவரைப் பிணையில் விட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி காலம். தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய வழக்குகளுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காலண்டரில் வாய்தாத் தேதியைச் சுழிக்கிற பெண்கள், கைதான தேதியையும் சுழித்து வைத்துக் கொள்ளுங்கள்.

ஜாமீன் உத்தரவாகியும் ஒரு வாரமாக வெளியே வர முடியாதவரைப் பற்றிச் சிறை அதிகாரி சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதே வருஷம் மத்திய சர்க்கார், ஏழைக் கைதிகளுக்காக ஒரு திட்டம் போட்டது. ஜாமீன் தொகை கட்டவும், அபராதம் கட்டவும் அதில் உதவி கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கத் தெரிய வேண்டும்.

தாயோடு உள்ளே போன குழந்தை

மதுரையில் பெண்களுக்குத் தனிச் சிறை இருக்கிறது. ஆண் உள்ளே போனால் மனைவி பஸ் ஏறி வருகிறாள். பெண் உள்ளே போனால் வருகிறவர்கள் குறைவு. வந்தால் அவளைப் பெற்ற தாய் வருவாள்.

பால் மணம் மாறாத குழந்தை இருந்தால் என்ன செய்வது? ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். 2006 ஏப்ரலில், ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கென்றே விரிவாகத் தீர்ப்பளித்தது: குழந்தைக்குத் தனிச் சாப்பாடு, வைத்தியம், விளையாட்டு, படிப்பு எல்லாம் வேண்டும், சிறைக்குள் குழந்தை பிறந்தால், பிறந்த இடம் சிறை என்று சர்டிபிகேட்டில் எழுதக் கூடாது. எவ்வளவு தாயுள்ளம் கொண்ட விதி, பாருங்கள்! தாளில் எழுதாததை ஊர் வாய் எழுதாமல் இருக்க வேண்டுமே!

பாளையங்கோட்டைக்கு

தெற்கே திரும்புவோம். பாளையங்கோட்டையைத் தென்னாட்டு ஆக்ஸ்போர்டு என்பார்கள். தடுக்கி விழுந்தால் பள்ளிக்கூடம். அதே ஊரில்தான் இந்தப் பெரிய சிறையும். 1908-ல் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரம் பிள்ளை கைதானதும் முதலில் அடைபட்டது இந்த ஊரில்தான். பிறகு கோயம்புத்தூரில் அவர் இழுத்த செக்கு, இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தில் இருக்கிறது. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது மு. கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைக்கப்பட்டார். அவரைப் பார்க்க அண்ணாதுரை வந்தார். பெரியவர்களும் மனுப் பார்த்த வாசல் அது.

தண்டனை பெற்றவர் வீட்டில் சாவு, கடும் நோய், கல்யாணம் என்று வந்தால், அவசர விடுப்புக் கேட்கலாம். தமிழ்நாட்டில் 1982-ம் வருஷத்து விதிகள் இதற்கென்று இருக்கின்றன. ஊரார் இதைப் பொதுவாகப் பரோல் என்கிறார்கள். மகள் கல்யாணத்துக்குப் போலீஸ் காவலோடு வந்து, ஓரமாக நின்று அட்சதை போட்டுவிட்டுப் போகும் தகப்பன்மார் உண்டு. பந்தலில் உள்ளவர்கள் அப்போது அவரை வெறித்துப் பார்க்காமல், "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் போதும். சர்க்கார் தர முடியாத சலுகை அது ஒன்றுதான்.

இன்னொரு சலுகையும் நம் கையில் இருக்கிறது. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறையினர் 'கூண்டுக்குள் வானம்' என்று ஒரு ஸ்டால் போட்டுச் சிறை நூலகங்களுக்குப் புத்தகம் சேர்த்தார்கள். நீங்கள் பைண்டு செய்து வைத்து, இடமில்லாமல் பரணில் தூக்கிப் போட்ட தொடர்கதைகள் இருக்கின்றனவே, மாலையில் பூட்டு விழுந்தபின் விடிகிற வரை ஒருவனுக்கு அவையே துணையாக இருக்கும்.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தபோது, அவர் கைதான நாளில் திரண்ட ஜனக்கூட்டம் அங்கே இல்லை. வாசலில் காத்திருந்தவர்கள் வெகு சிலரே. அவர்களில், சிறையிலேயே நோய் பிடித்து உருக்குலைந்து போன சுப்பிரமணிய சிவாவும் ஒருவர். தேசத்துக்காக உழைத்த பெருமகனுக்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாத ஒரு போர்மனுக்கு, கோபத்தில் கையை ஓங்கிவிட்டுப் பத்து வருஷம் உள்ளே இருந்தவனுக்கு, யார் வந்து நிற்பார்கள்?

அந்தச் சாத்தூர்த் துணிப் பை வந்து நிற்கும். இத்தனை வருஷமும் பஸ் சார்ஜுக்குக் காசு சேர்த்தவள் அவள்தான். அவனை அழைத்துக் கொண்டு அவள் தெருவுக்குள் நுழைகிறபோது, நாம் கதவைச் சாத்தப் போகிறோமா, "வாம்மா, வந்துட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கப் போகிறோமா? அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் அவனை ஊருக்குக் கூட்டி வருகிறாள்.